தும்பியின் முதல் வரி

பேனாப் பிரியர்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் ஐந்து பேர், விதிகள் பதினேழு. ஆளுக்கு மூன்றாகப் பங்கு வைத்தாலும் இரண்டு விதிகள் கேட்பாரற்று நிற்கும். அந்தப் பதினேழையும் ஒரே சீரான கையெழுத்தில், பச்சை மையில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே அழைத்தார்கள். பதினோரு வருடங்களாகச் சங்கத்தின் குறிப்பேடு அவர் வசம் இருந்தது. மனைவி, கடை, குறிப்பேடு ஆகிய மூன்றையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தச் சொன்னால் அவர் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார். அந்த யோசனை எதற்கு என்பது அவர் மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கம் கூடும். இடம், கடைக்குப் பின்னால் கண் பரிசோதிக்கும் அறை. பூசணி அளவில் தொடங்கிக் கடுகு அளவில் முடியும் எழுத்துப் பலகை சுவரில் தொங்க, அதன் கீழே ஐந்து நாற்காலிகள் கிடக்கும். தலைவி, நில அளவைத் துறையில் பணியாற்றும் சர்வேயர் அம்மா. அளக்காத எதையும் அவர் நம்பியதில்லை. பேனாவைக் கையில் கொடுத்தால் முதலில் நிறுப்பார், பிறகு நீளம் பார்ப்பார், அதற்கப்புறம்தான் மூடியைக் கழற்றுவார். அடுத்தவர் பேக்கரிக்காரர், அவர் தொட்ட பேனா எதுவானாலும் அவர் விரலில் ஒழுகியே தீரும். மூன்றாமவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். வாயை வாடகைக்கு விட்டவர் போலப் பேசாமல் இருப்பார், கண்ணை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்வார். நான்காமவர் கண்ணாடிக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை நடத்துபவர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடும் வித்தை கைவரப் பெற்றவர். அந்தப் பெருமையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் குடும்பத்தில் அமைதி நிலவியிருக்கும். குறிப்பேடு தன் கைக்கு வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"பதினோரு வருஷம் ஒரே ஆள் கையில இருந்தா அதுக்குப் பேரு குறிப்பேடு இல்ல அத்தான், பரம்பரைச் சொத்து," என்பார் மச்சான்.

"உன் கையெழுத்துல எழுதினா அதுக்குப் பேரு குறிப்பேடு இல்ல மச்சான், கோழிப் பண்ணை," என்பார் கண்ணாடிக்காரர்.

இந்த நிலையில்தான் தும்பி வந்தது.

தும்பி என்பது அந்த மாதம் புதிதாக வெளிவந்த மைப்பேனா. உள்ளே மை ஆடுவது தெரியும்படி உடல் முழுக்கத் தெளிவான பிளாஸ்டிக். மூடி மட்டும் வான்நீலம். விலையோ ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகத்தின் விலைதான். அத்தனை மலிவான மைப்பேனா ஒழுகாமல் எழுதுமா என்று நாடெங்கும் பேனாப் பிரியர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தின் சார்பில் சர்வேயர் அம்மா ஒரு தும்பி கேட்டு எழுதிப்போட, வியாழக்கிழமை பிற்பகல் அது சிறு பெட்டியாகக் கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்ந்தது. சங்கத்தின் முகவரி அதுதான்.

பெட்டியைக் கூட்டத்தில்தான் பிரிக்க வேண்டும் என்பது நான்காம் விதி. புதுப் பேனா எல்லார் முன்னிலையிலும் பிரிக்கப்பட வேண்டும்; அதே பேனாவால் ஒவ்வொருவரும் தம் முதல் எண்ணத்தை ஒரே வாக்கியமாகக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்; எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கலாகாது. இதற்கு 'முதல் வரி' என்று பெயர். முன்கூட்டியே பெட்டியைத் திறப்பவர் சங்கத்தில் எந்தப் பொறுப்பும் வகிக்கத் தகுதியற்றவர் என்றும் விதி சொல்லியது. மச்சான் ஒருமுறை மைப்புட்டி ஒன்றை வழியிலேயே திறந்து பார்த்துவிட்டதால், அவரைக் கட்டிப்போடக் கண்ணாடிக்காரரே முனைந்து எழுதிய விதி அது.

வியாழக்கிழமை பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அரை மணி கழித்து நடுத்தட்டுக்கு மாற்றினார். தேன்கூட்டைத் தூரத்தில் நின்று மோந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போகிற கரடி எந்த வழியில் நடக்குமோ, அந்த வழியில்தான் அவரும் நடந்தார். ஒரு மணி நேரத்தில் பெட்டி மேசைக்கு வந்துவிட்டது. ஒட்டுத்தாளைக் கிழித்தால்தானே குற்றம், தானாகக் கழன்று வந்தால் யார் என்ன செய்ய முடியும்? பிளாஸ்டிக் பிரேம்களை இளக்குவதற்கு வெப்பக்காற்று ஊதும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அதன் வாயருகே பெட்டியைக் காட்டினார். பசை இளகி, ஒட்டுத்தாள் ஓரமாகத் தலையைத் தூக்கியது.

பேனாவை எடுத்தார். பச்சை மை ஊற்றினார். நான்கு வரி எழுதினார். எழுத்து ஒழுங்காக விழுந்தது. கீறவில்லை, சிந்தவில்லை, திக்கவில்லை. வம்பு தும்புக்குப் போகாத, வீட்டுப்பாடம் முடித்துவிட்டு நேரத்தோடு தூங்கும் பிள்ளையைப் போன்ற பேனா. பாராட்டலாம், ஆனால் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா" என்று அவர் நினைத்த அந்த நேரத்தில் வாடிக்கையாளர் ஒருவர் கழன்ற திருகாணியோடு உள்ளே வந்தார். கண்ணாடிக்காரர் பதற்றத்தில் பேனாவை மூடாமல் மேசையில் வைத்தார். மூடி இல்லாத தும்பி உருளையாக இருந்தது. அது உருண்டு, மேசை விளிம்பில் ஒரு கணம் நின்று, பிறகு குனிந்து பார்க்கப் போனதைப் போலத் தலைகுப்புற விழுந்தது.

வந்தவரை அனுப்பிவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நிப்பின் நுனி கிளி மூக்காக வளைந்திருந்தது. எழுதும் இடத்தில் இருக்கும் சிறு உலோக மணி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஞாயிறன்று கூட்டம், இன்னொரு தும்பி வந்து சேரப் பத்து நாள் ஆகும். பெட்டியைத் திறந்தது தெரிந்தால் நான்காம் விதி. நான்காம் விதி பாய்ந்தால் குறிப்பேடு. குறிப்பேடு போனால் மச்சான்.

அவரிடம் இருந்தவை பிரேம் நிமிர்த்தும் இடுக்கிகளும், லென்ஸ் எனப்படும் கண்ணாடிச் சில்லுகளின் விளிம்பைத் தேய்க்கும் சக்கரமும்தான். இடுக்கியால் நிப்பை நிமிர்த்தினார். நசுங்கிய மணியைச் சக்கரத்தில் ஒரு பக்கம் தேய்த்தார். மறுபக்கம் பெரிதாகத் தெரிந்தது. மறுபக்கம் தேய்த்தார், இந்தப் பக்கம் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான். நுனி சப்பையாகி நின்றபோது மனம் தளர்ந்து, சும்மா ஓர் 'இ' எழுதினார்.

எழுதியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேலிருந்து கீழே இறங்கிய கோடு தடித்து இறங்கியது. குறுக்கே ஓடிய கோடு மயிரிழையாக ஓடியது. சுழி திரும்பிய இடத்தில் தடிமன் மெல்ல மெலிந்து, மறுபடி மெல்லப் பெருத்தது. செப்பேட்டில் வெட்டிய எழுத்தைப் போல 'இ' தாளில் கால் மேல் கால் போட்டு அமர்ந்திருந்தது. 'ஞ' எழுதினார். 'ழ' எழுதினார். பதினோரு வருடங்களில் அவர் கையிலிருந்து இப்படி ஓர் எழுத்து வந்ததில்லை.

தேநீர்க் கோப்பையோடு மனைவி வாசலில் நின்றாள்.

"என்ன தேய்ச்சீங்க?"

"கண்ணாடிதான்."

"கண்ணாடி தேய்ச்சா உய்யுனு கேக்கும். இது பல்லு கூசுற மாதிரி கிரீச்சுனு கேட்டுச்சு."

"தடிமன் கண்ணாடி."

அவள் அவருடைய வலக்கை விரல்களைப் பார்த்தாள். "தடிமன் கண்ணாடின்னா பச்சையா ஒட்டுமா?" என்று கேட்டுவிட்டு, கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவரை மிகவும் கவலைப்படுத்தியது.

பேனாவைக் கழுவி, கண்ணாடி துடைக்கும் துணியால் ஒற்றி, பெட்டியில் வைத்து, வெப்பக்காற்றைக் காட்டிப் பழையபடி ஒட்டினார்.

ஞாயிறன்று சர்வேயர் அம்மா பெட்டியின் நான்கு பக்கமும் பார்த்து, பிளேடால் கீறித் திறந்தார். முதலில் எந்த மை ஊற்றுவது என்ற பேச்சு எழுந்ததும் மச்சான் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். மருந்துக்கடையில் அவரே கலந்த நீல மை அது. இருமல் மருந்துப் புட்டியில் இருந்தது. 'உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்' என்ற சீட்டுகூட ஒட்டியிருந்தது. அவர் குலுக்கினார். பேனா ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. அறையில் நிப் ஓடும் ஓசை தவிர வேறு ஓசை இல்லை. ஒவ்வொருவர் புருவமாக உயர்ந்ததைக் கண்ணாடிக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் குறிப்பேட்டை வாங்கி முதல் வரிகளை உரக்கப் படித்தார்.

சர்வேயர் அம்மா எழுதியிருந்தது: 'எடை பதினாறு கிராம், கீழ்நோக்கிய கோடு ஒரு மில்லிமீட்டர், குறுக்குக் கோடு அதில் மூன்றில் ஒரு பங்கு, இந்த அளவுகள் விலையோடு ஒத்துப்போகவில்லை.' பேக்கரிக்காரர் எழுதியிருந்தது: 'நெய் தடவிய தட்டில் மாவு வழுக்குவது போல் வழுக்குகிறது, கையிலும் மை ஆகவில்லை.' அதன் முற்றுப்புள்ளியாக அவருடைய கட்டைவிரல் ரேகை நீலமாகப் பதிந்திருந்தது. ஓவியர் எழுதியிருந்தது: 'தூரிகையின் அருமை தெரிந்தவர் யாரோ செய்த நிப்.' மச்சானின் வரியை யாராலும் படிக்க முடியாததால் அவரே வாயால் சொன்னார்.

"பேனா சுமார். இந்த அழகுக்குக் காரணம் என் மை. அதைத்தான் எழுதியிருக்கேன்."

கண்ணாடிக்காரர் தன் பங்குக்கு எழுதியிருந்தது ஒரே சொல்: 'எதிர்பாராதது.'

"இந்த விலைக்கு இப்படி ஒரு நிப்பா," என்று பேக்கரிக்காரர் மலைத்தார். "இத்தனை நாளா நம்மள ஏமாத்தியிருக்காங்கய்யா."

அன்றைக்கே மற்ற நால்வரும் ஆளுக்கொரு தும்பி கேட்டு எழுதிப்போட்டார்கள். ஓவியர் மட்டும் தும்பியின் மூடிக்குள் ஒரு கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு, தேநீரைக் குடித்தார்.

பத்து நாள் கழிந்தது. முதலில் வந்தவர் பேக்கரிக்காரர்.

"கண்ணாடிக்காரரே, என் தும்பி பறக்கல. எழுதுது, இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த வழுக்கல் இல்ல, அந்தத் தடிமன் இல்ல. ஏதோ ஆபீஸ் பேனா மாதிரி இருக்கு."

உண்மையைச் சொல்லக் கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். எதிர்ச்சுவர் அலமாரியில் குறிப்பேடு கண்ணில் பட்டது. திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"புதுசுல அப்படித்தாங்க இருக்கும். ஊறணும். ஒரு நாள் என்கிட்ட விட்டுட்டுப் போங்க."

"எதுல ஊறணும்?"

"மையில."

பேக்கரிக்காரர் விட்டுவிட்டுப் போனார். சக்கரம் கிரீச்சிட்டது. மறுநாள் அவர் வாங்கி எழுதிப் பார்த்து, பரிசாக ஒரு பை நிறைய ரொட்டி கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து சர்வேயர் அம்மா வந்தார். அடுத்து ஓவியர் வந்தார். எதுவும் கேட்காமல் பேனாவை மேசையில் வைத்து, "ஊற வைங்க," என்று மட்டும் சொல்லிச் சிரிக்காமல் போனார். பிறகு சர்வேயர் அம்மாவின் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஊறவைக்கும் வேலை மூக்குக்கண்ணாடி வேலையைப் பின்னுக்குத் தள்ளியது.

மச்சான் மட்டும் வரவில்லை. "என்னுது முதல் நாளே பிரமாதமா எழுதுது. என் மை ஆச்சே," என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். வீட்டிலோ அவர் தும்பியை நாற்பத்தெட்டு மணி நேரம் தம் மையில் மூழ்கடித்து வைத்தார் என்று அவருடைய அக்கா, அதாவது கண்ணாடிக்காரரின் மனைவி, வந்து சொன்னாள்.

"தம்பி வீட்டு வாஷ்பேசின் முழுக்க நீலம். பாவம், ஊறினா சரியாயிடும்னு யாரோ கெட்ட மனுஷன் சொல்லியிருக்கான்."

"யாருன்னு சொன்னானா?"

"பேரு சொல்லல. தடிமன் கண்ணாடி போட்டவராம்," என்றாள் அவள். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் எல்லாம் நீரில் எழுதிய எழுத்தாகக் கரைந்திருக்கும். ஆனால் சர்வேயர் அம்மா நியாயமானவர். நல்லதைக் கண்டால் உரியவரிடம் சொல்லிவிடுவார். தும்பியைச் செய்த கம்பெனிக்கு, தும்பியாலேயே, இரண்டு பக்கப் பாராட்டுக் கடிதம் எழுதினார். கோடுகளின் தடிமனை அட்டவணையாகவும் இணைத்தார். அடுத்த இரண்டாம் ஞாயிறு அன்று, கம்பெனியில் நிப் பிரிவை மேற்பார்வை செய்யும் பெண்மணி ஒருவர் அந்தக் கடிதத்தோடு கண் பரிசோதிக்கும் அறைக்கு நேரிலேயே வந்துவிட்டார். எழுத்துப் பலகைக்கு நேர் கீழே ஆறாவது நாற்காலி போடப்பட்டது.

"கடிதம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றார் கம்பெனி அம்மா. "ஆபீஸ்ல எல்லாரும் மாத்தி மாத்திப் படிச்சோம். ஒரே ஒரு சங்கடம். இந்த மாதிரி எழுதுற நிப்பை நாங்க செய்யவே இல்ல."

பேக்கரிக்காரர் தன் பேனாவை எடுத்து, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவதைப் போலச் சட்டைப் பைக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

"எங்க நிப் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே தடிமன்லதான் எழுதும். இங்க மட்டும் எப்படி மாறிச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை வாங்குறவங்களுக்கு அந்த முறையை அச்சடிச்சுப் பெட்டியில வெச்சிடலாம். கண்டுபிடிச்சவர் பேரோட."

கண்ணாடிக்காரர் கணக்குப் போட்டார். சொன்னால் பெயர் பெட்டிக்குள் போகும், குறிப்பேடு வெளியே போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது. இப்படியே உட்கார்ந்திருப்பது என்று அவர் முடிவு செய்து, கால்மேல் போட்ட காலை இறக்கி வைத்தார்.

மச்சான் எழுந்தார்.

"அதை நான் சொல்றேன் மேடம். இது ரெண்டு பகுதியா இருக்கு. ஒண்ணு, நான் கலக்குற மை. ரெண்டு, ஊற வைக்கிற முறை. அத்தான் ஊற வைக்கிறார்தான், ஆனா மூலம் என் மை. அந்த மையில இருக்கிற உப்பு நிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா இளக்கி, கைக்கு ஏத்த மாதிரி வடிவம் கொடுக்குது."

"அப்படியா," என்று கம்பெனி அம்மா சிறு நோட்டை எடுத்தார். "உங்க பேரை எப்படி எழுதணும்?"

மச்சான் தொண்டையைச் செருமினார். முதலெழுத்து, பட்டம், மருந்துக்கடையின் பெயர், கடை திறந்திருக்கும் நேரம் உட்பட நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். கண்ணாடிக்காரர் முதலெழுத்தைப் பொறுத்தார். பட்டத்தைப் பொறுத்தார். கடையின் பெயரையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். "காலை ஒன்பது மணியிலிருந்து" என்றபோது அவருக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"உப்பாவது புளியாவது. அந்த மையில நிப்பை நாப்பத்தெட்டு மணி நேரம் ஊற வெச்சியே, வாஷ்பேசின் தவிர எது மாறிச்சு? தேய்ச்சது நான். என் கையால, என் சக்கரத்துல. மணியோட அடிப்பாகத்தைச் சப்பையாக்கி, ரெண்டு முனையையும் லேசா உருட்டிவிட்டு, ஒவ்வொண்ணுக்கும் முக்கா மணி நேரம் ஆகுது."

கேட்டவர்கள் போதும் என்று கையமர்த்தியிருக்காவிட்டால் அவர் செய்தும் காட்டியிருப்பார். கம்பெனி அம்மா உருப்பெருக்கியை வாங்கி நிப்பைப் பார்த்து, "சுத்தமான வேலை," என்றார். அந்த இரண்டு சொற்களைக் காதில் வாங்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் மூன்று நொடிகள் மேகத்தில் நடந்தார்.

நான்காம் நொடியில் சர்வேயர் அம்மா கேட்டார். "எங்க பேனாவையெல்லாம் தேய்ச்சீங்க, சரி. சங்கத்துப் பேனா பெட்டியை நான்தான் பிளேடால திறந்தேன். திறந்ததுமே அது இப்படித்தான் எழுதுச்சு. அதை எப்பத் தேய்ச்சீங்க?"

கண்ணாடிக்காரர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பார்த்தார். அதில் உதவி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"வியாழக்கிழமை," என்றார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்று ஓவியர் அந்த வருடத்தின் மிக நீண்ட பேச்சைத் தொடங்கினார். "மூடிக்குள்ள பச்சை மை இருந்துச்சு. கம்பெனிக்காரங்க பச்சையா ஊத்தி அனுப்புவாங்க?"

"அப்பவே ஏன்யா சொல்லல?" என்றார் பேக்கரிக்காரர்.

"சொன்னா எனக்கு யார் தேய்ச்சுத் தருவா?"

நான்காம் விதி தெளிவாக இருந்தது. அதைத் தெளிவாக எழுதியவரும் எதிரிலேயே இருந்தார். குறிப்பேடு மச்சான் கைக்கு மாறியது. புதுப் பொறுப்பாளரின் முதல் கடமையாக, தண்டனைத் தீர்மானத்தைச் சர்வேயர் அம்மா சொல்லச் சொல்ல மச்சான் எழுதினார். அம்மா பத்து நிமிடம் விடாமல் சொன்னார், உட்பிரிவுகள் ஏழு. எத்தனை காலம் குறிப்பேடு யாரிடம் இருக்கும், மன்னிப்புக் கடிதத்தில் எத்தனை வரி இருக்க வேண்டும், அதில் வருத்தம் எந்த அளவு தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். மச்சானின் தேய்க்கப்படாத தும்பி மழையில் நனைந்த ஈயைப் போலத் தாளில் ஊர்ந்துகொண்டிருந்தது. கம்பெனி அம்மா, இந்த விலைக்கு ஒவ்வொரு நிப்புக்கும் முக்கால் மணி நேரம் செலவழித்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று சொல்லி, தேய்த்த பேனா ஒன்றைத் தனக்கெனக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்.

அந்த ஒரு மாதம் கண்ணாடிக்காரருக்கு நெளிந்து நெளிந்துதான் நகர்ந்தது. எழுத ஒன்றும் இல்லாத கை சும்மா இருக்க மறுத்தது. அடுக்களை டப்பாக்களுக்கெல்லாம் பச்சை மையில் சீட்டு எழுதி ஒட்டினார். சர்க்கரை, உப்பு, மிளகு எல்லாம் அரசாங்க ஆணையைப் போல அலமாரியில் நின்றன.

"டப்பா தீர்ந்து போச்சு," என்றாள் மனைவி. "அடுத்தது என்ன, என் முதுகுல எழுதி ஒட்டப் போறீங்களா?"

"குறிப்பேட்டை அவன் எப்படி வெச்சிருக்கான்?"

"மருந்து சீட்டோட சீட்டா வெச்சிருக்கான். நேத்து ஒருத்தருக்கு அதைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பான், நல்ல வேளை நான் தடுத்தேன்." அவள் இதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருந்ததா என்பது திரும்பி நின்றதால் தெரியவில்லை.

மூன்றாம் கூட்டம் கூடியது. ஒன்பதாம் விதிப்படி, போன கூட்டத்தின் குறிப்பை முதலில் உரக்கப் படிக்க வேண்டும். படித்துக் கேட்டு எல்லாரும் தலையசைத்தால்தான் தீர்மானம் செல்லும். நினைவிலிருந்து சொல்வது செல்லாது. மச்சான் மிடுக்காக எழுந்து குறிப்பேட்டைத் திறந்தார். திறந்தவர் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். பிறகு பக்கத்தில் பிடித்தார்.

"தீர்மானம் ஒண்ணு. குறிப்பேட்டுப் பொறுப்பு..." என்று தொடங்கினார்.

"இருங்க," என்றார் சர்வேயர் அம்மா. தாளின் நடுவே ஒரு விரலை வைத்தார். "நீங்க நெனச்சு சொல்றீங்க. இந்த வரியை மட்டும் படிங்க."

மச்சான் அந்த வரியைப் பார்த்தார். அந்த வரி மச்சானைப் பார்த்தது. இருவருக்கும் முன்பின் அறிமுகம் இல்லை.

"ஊர்ல இருக்கிற டாக்டர் கையெழுத்தையெல்லாம் படிப்பீங்களே," என்றார் பேக்கரிக்காரர்.

"டாக்டர்ங்க ஒழுங்கா எழுதுவாங்கய்யா," என்றார் மச்சான் பரிதாபமாக.

கண்ணாடிக்காரருக்கு அப்போது தொழில் தர்மம் கண் விழித்தது. கண் சரியாகத் தெரியாத ஒருவர் தன் அறையில் தடுமாறும்போது அவரால் சும்மா இருக்க முடியுமா? சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை எடுத்துவந்து மச்சானின் மூக்கில் மாட்டினார். ஒரு சில்லைப் போட்டார்.

"இப்பத் தெரியுதா?"

"இல்ல அத்தான்."

"இது? முன்னதுக்கு இது தேவலையா?"

"பெரிசாத் தெரியுது. ஆனா புரியல."

"இது?"

"இதுல ஒரு 'க' மாதிரி தெரியுது."

"அது என் காபிக் கறை," என்றார் பேக்கரிக்காரர்.

பதினான்கு சில்லுகள் மாறின. சர்வேயர் அம்மா குறிப்பேட்டை வாங்கி அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஓவியர் தாளைத் தலைகீழாகப் பிடித்து, இப்படிப் பார்த்தால் ஒரு வாத்து தெரிகிறது என்றார். கடைசியில் சர்வேயர் அம்மா அளவுகோலைக் கீழே வைத்தார்.

"படிக்க முடியாத குறிப்பு குறிப்பில்ல. குறிப்பு இல்லேன்னா தீர்மானம் இல்ல. தீர்மானம் இல்லேன்னா பொறுப்பும் மாறல." அவர் குறிப்பேட்டை மேசைமேல் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு வந்து கண்ணாடிக்காரரின் முழங்கையில் இடித்து நின்றது. "ஆனா ஒண்ணு. போன கூட்டத்துல நடந்ததை இப்ப நீங்களே எழுதணும். ஒரு வரி குறையாம."

கண்ணாடிக்காரர் பச்சை மைப்புட்டியைத் திறந்தார். சங்கத்துத் தும்பியில் மை ஊற்றினார். வியாழக்கிழமை பெட்டி வந்ததையும், வெப்பக்காற்றையும், மேசையிலிருந்து பேனா விழுந்ததையும், ஊறவைத்தல் என்ற பொய்யையும், தடித்தும் மெலிந்தும் ஓடும் எழுத்தில், ஓர் அடித்தல் இல்லாமல் இரண்டு பக்கம் எழுதினார். எழுதி முடித்து உரக்கப் படித்தார். எல்லாரும் தலையசைத்தார்கள். 'முன்கூட்டியே பெட்டியைத் திறந்தவர்' என்ற இடத்தில் 'தி'யின் சுழி மிக அழகாக விழுந்திருந்ததை அவர் இரண்டாம் முறையும் பார்த்துக்கொண்டார். நான்காம் விதியை யாரும் மறுபடி எடுக்கவில்லை. அதை எடுத்திருக்க வேண்டிய சர்வேயர் அம்மா, அந்த நேரம் பார்த்துத் தன் தும்பியின் எடையைச் சரிபார்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

கூட்டம் கலைந்தது. எல்லாரும் போன பிறகும் மச்சான் போகவில்லை. சோதனைச் சட்டத்தைக் கழற்றி, அதன் இடத்தில் வைத்தார். கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் தும்பியை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மேசைமேல் வைத்தார்.

"அத்தான், இதையும் கொஞ்சம்..."

உள்ளே அடுக்களையில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த ஓசை நின்றது. கண்ணாடிக்காரர் பேனாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நிப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நாள் என்கிட்ட விட்டுட்டுப் போ மச்சான்," என்றார். "ஊறணும்."